ஒரே கேமரா, மூன்று விலை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்து சேர்ந்தன. ஒன்று, பெங்களூர் கோரமங்களா பக்கம் ஒரு பெரிய கடையின் விலைச்சீட்டு: 1,44,000. இரண்டாவது போன் திரையைப் பிடித்த ஸ்கிரீன்ஷாட், ஆன்லைன் விலை: 1,37,000. மூன்றாவது ஒரு துண்டுக் காகிதம். பேனாவால் 1,18,000 என்று எழுதி, கீழே ‘வித்அவுட் பில்’ என்று ஒரு வரி. கூடவே "எதுண்ணே?" என்று ஒற்றைக் கேள்வி.

உடனே பதில் தட்டியிருப்பேன். ஆனால் இந்த வருஷம் மட்டும் இதே கேள்வியை உன்னையும் சேர்த்து நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு கடிதமாகவே எழுதிவிடுகிறேன், நீயே மற்ற மூவருக்கும் அனுப்பிவிடு.

முதல் விலைக்கும் கடைசி விலைக்கும் 26,000 ரூபாய் வித்தியாசம். உன் அம்மா சீட்டை இரண்டாம் மாசமே தள்ளி எடுத்துக் கொடுத்த பணம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு சீக்கிரம் எடுத்தால் ஏலத்தில் கசராக எவ்வளவு கழிந்துபோயிருக்கும் என்பதும் தெரியும். ஆகவே 26,000 எல்லாம் பெரிய தொகையா என்று உன்னிடம் நான் கேட்க மாட்டேன். அது எதற்கான பணம் என்று மட்டும் பார்ப்போம். துண்டுக் காகிதத்திலிருந்தே தொடங்குகிறேன், உன் மனசு அங்கேதான் நிற்கிறது.

நான் இந்தக் கல்யாண ஃபோட்டோத் தொழிலுக்கு வந்த காலத்தில் நல்ல கேமராவைக் கடையில் போய் வாங்குவது என்பதே அரிது. இறக்குமதிக்கு லைசென்ஸ், அதன்மேல் சுங்கம். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III தான் நடுத்தர வீட்டுக் கேமரா. ஃபிலிம் என்றால் ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’. தொழிலுக்கு வேண்டிய ஜப்பான் கேமரா வளைகுடாவிலிருந்து லீவுக்கு வரும் யாராவது ஒருவரின் பெட்டியில் வரும். இல்லையென்றால் சென்னைக்கு ரயிலேற வேண்டும். பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் பிழைப்புக்காக 1969ல் பீச் ஸ்டேஷன் பக்கம் போட்ட கடைவரிசைதான் பர்மா பஜார். என் முதலாளி தன் யாஷிகா மேட்டை அங்கேதான் வாங்கினார். பில்லா? கேட்டிருந்தால் கடைக்காரர் சிரித்திருப்பார். கேமரா கெட்டுப்போனால் சிவாஜிநகரில் ஒரு மெக்கானிக் இருந்தார். கடிகாரம் பழுதுபார்க்கும் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டே பிரித்து, துடைத்து, பூட்டிக் கொடுப்பார். உள்ளே இருந்ததெல்லாம் பற்சக்கரமும் ஸ்பிரிங்கும்.

இன்றைக்கு நீ வாங்கப்போவது லென்ஸ் மாட்டிய கம்ப்யூட்டர். அதைப் பிரித்துச் சேர்க்கக் கம்பெனியின் மென்பொருளும் கம்பெனியின் உதிரிபாகமும் வேண்டும். பில் இல்லாமல் வாங்கும் பழக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவர் அந்த மெக்கானிக். அவர் போய்விட்டார், பழக்கம் மட்டும் எங்கள் தலைமுறையிலிருந்து உங்களிடம் தொற்றிக்கொண்டது.

துண்டுக் காகிதக்காரர் உனக்குப் போலிச் சரக்கு தருகிறார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அது அசல் கேமராதான், அதே தொழிற்சாலையில் செய்ததுதான். கம்பெனிகள் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விலை வைக்கின்றன. துபாய், ஹாங்காங் பக்கம் விற்கவேண்டிய சரக்கு வேறு வழியாக இங்கே வந்து சேரும்போது அதைத்தான் ‘கிரே’ என்கிறோம். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, இறக்குமதியான பெட்டியின்மேல் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, தயாரான நாடு, புகார் சொல்ல வேண்டிய போன் எண் எல்லாம் ஸ்டிக்கரில் இருக்க வேண்டும். கம்பெனியின் இந்தியக் கிளை கொண்டுவந்த பெட்டி என்றால் அந்தக் கிளையின் பெயரே இருக்கும். ஸ்டிக்கரே இல்லை, அல்லது கேள்விப்படாத ஏதோ டிரேடர்ஸ் பெயர் இருக்கிறது என்றால் பெட்டியைத் திறக்கச் சொல்லாதே. "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடு.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு சந்துக் கடையில் 70-200 லென்ஸ் ஒன்று பில் இல்லாமல் வாங்கினேன். 9,000 ரூபாய் மிச்சம் என்று வீட்டில் பெருமையடித்தேன். எட்டாவது மாசம், மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாணச் சவுல்ட்ரி. ரிசப்ஷன் நடந்துகொண்டிருக்கும்போதே ஃபோகஸ் மோட்டார் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். மறுநாள் காலை தாரை முகூர்த்தம். கன்னடக் கல்யாணத்தில் தேங்காய்மேல் நீர் வார்க்கும் அந்த ஒரு நிமிஷத்தைத் தவறவிட்டால் ஆல்பமே இல்லை என்று உனக்கே தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி லென்ஸ் கடன் வாங்கினேன். திங்கட்கிழமை சர்வீஸ் சென்டரில் சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்த பையன், "இது எங்க சிஸ்டத்துல இல்லையே சார்" என்றான். மூன்று வாரமும் 14,000 ரூபாயும் ஆயிற்று. லென்ஸ் விற்ற கடைக்குப் போனால் அங்கே மொபைல் கவர் தொங்கிக்கொண்டிருந்தது.

சரி, இப்போது கணக்கு. கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2017 ஜூலையில் தொடங்கியபோது 28 இருந்தது, 2019 ஜனவரி 1 முதல் குறைத்தார்கள். அதாவது 1,44,000 ரூபாயில் ஏறக்குறைய 22,000 வரி. துண்டுக் காகிதக்காரர் காட்டிய 26,000 சலுகையில் இந்த 22,000 அவருடையதே இல்லை, அரசாங்கத்துக்குப் போகவேண்டியது. அவர் தன் பையிலிருந்து விட்டது மிஞ்சிப்போனால் நாலாயிரம். நீ இன்னும் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை. நம்மைப் போன்ற சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால்தான் கட்டாயம். ஆனால் அந்த எல்லையைத் தாண்டிய ஸ்டுடியோக்காரர், தன் ஜிஎஸ்டி எண் போட்ட பில்லோடு வாங்கினால் அந்த 22,000ஐ வரிக்கணக்கில் கழித்துக்கொள்வார். அவருக்குப் பெரிய கடையின் கேமரா 1,22,000தான். பில் இல்லாமல் அவர் வாங்கினால் நாலாயிரம் மிச்சம் பிடித்து வாரன்டியைத் தொலைத்தவராவார். உனக்கு அந்தக் கழிவு இல்லை என்றாலும் பில் வேண்டும். பையோடு திருட்டுப் போனால் போலீஸில் காட்ட, இன்சூரன்ஸ்காரரிடம் காட்ட, மூன்று வருஷம் கழித்து விற்கும்போது வாங்குகிறவனிடம் காட்ட. பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று நின்று பார்.

பெரிய கடைகளைப் பற்றி நம் ஆட்கள் கேவலமாகப் பேசுவார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். அங்கே வாங்கினால் பில் சுத்தம், சரக்கு இந்தியச் சரக்கு, நாளைக்கும் கடை அங்கேயே இருக்கும். முதல் கேமரா வாங்கும் குடும்பஸ்தருக்கு அது போதும். உனக்குப் போதாது என்பதுதான் என் எண்ணம். போய்ப் பார். டிவி ஒரு மாடி முழுக்க, போன் ஒரு மாடி முழுக்க. கேமரா ஒரு மூலையில் நாலடி மேஜை. பாடியை அலாரம் ஒயரில் கட்டிவைத்திருப்பார்கள், பாதி நேரம் பேட்டரி இருக்காது. மாட்டியிருப்பது கிட் லென்ஸ். உனக்கு வேண்டிய 35, 85 எம்எம் லென்ஸ் கேட்டால் "ஆர்டர் போட்டுத் தரோம் சார்". சட்டையில் கம்பெனிச் சின்னத்தோடு நிற்கும் பையனைக் கடைச் சிப்பந்தி என்று நினைத்துவிடாதே. பல இடங்களில் அவர் கேமரா கம்பெனி நிறுத்தியிருக்கும் பிரமோட்டர். அவர் கம்பெனி கேமராதான் உலகத்திலேயே நல்லது என்பார், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். எனக்கு அந்தப் பையன்கள்மேல் இரக்கம்தான் உண்டு. பாதிப் பேர் போன மாசம் வாஷிங் மெஷின் விற்றவர்கள்.

அங்கே வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், காட்சிக்கு வைத்த பீஸைத் துடைத்துப் பெட்டியில் போட்டுத் தருகிறார்களா என்று கவனி. உன் சொந்தக் கார்டைப் போட்டு ஒரு படம் எடு. நிக்கான் பாடி என்றால் படத்தின் தகவலுக்குள்ளேயே ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்று இருக்கும். புதுக் கேமரா 900 என்று காட்டக் கூடாது.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ பலகையைப் பார்த்து மயங்கிவிட்டாய் என்று நீ முன்பு அனுப்பிய குரல் பதிவிலேயே தெரிந்தது. வட்டியில்லாக் கடன் என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்பதை நான் சொல்லவில்லை, ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளிடம் சொன்னது. நடப்பது இதுதான்: வட்டித் தொகையை முன்கூட்டியே தள்ளுபடி என்று கழித்துக் காட்டுகிறார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் உனக்குக் கிடைத்திருக்கவேண்டிய தள்ளுபடி அது. அதன்மேல் பிராசஸிங் கட்டணம், வட்டிக்கு ஜிஎஸ்டி. உன் கையில் சீட்டுப் பணம் இருக்கிறது. இஎம்ஐ உனக்கு எதற்கு?

ஆன்லைனுக்கு வருகிறேன். பெங்களூர்க்காரன் ஆன்லைனில் வாங்காதே என்று சொன்னால் சிரிப்பார்கள். 2007ல் இதே கோரமங்களா பக்கம் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃப்ளிப்கார்ட்தான் நம் நாட்டுக்கே அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. நானும் வாங்குகிறேன். ஆனால் வாங்கும்போது தளத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, விற்பவர் பெயரைப் பார்ப்பேன். வெளிநாட்டு முதலீடு உள்ள தளங்கள் தங்கள் சொந்தச் சரக்கை விற்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அவை சந்தை, சந்தைக்குள் கடை போட்டிருப்பவர் வேறு. அந்தப் பெயர் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தொட்டால் விற்பவரின் முகவரி வரவேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. அந்தப் பெயர் கேமரா கம்பெனி அங்கீகரித்த விற்பனையாளர் பட்டியலில் இருக்கிறதா என்று கம்பெனிக்கே போன் போட்டுக் கேள். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஒரே கேமராவுக்கு ஒரே பக்கத்தில் ஐந்து பேர் ஐந்து விலை போட்டிருப்பதன் காரணம் அங்கேதான் இருக்கிறது.

பெட்டி வந்ததும் அவசரப்படாதே. டெலிவரிக்காரர் முன்னாலேயே திறந்து காட்டும் வசதி இருந்தால் அதையே எடு. பார்த்து முடிக்காமல் ஓடிபி சொல்லாதே. இல்லையென்றால் டேப்பை வெட்டுவதற்கு முன்பே போனில் வீடியோவை ஓடவிடு, சீரியல் எண் தெரியும்வரை நிறுத்தாதே. எனக்கு ஒருமுறை வந்த லென்ஸின் முன்கண்ணாடியில் யாருடைய கட்டைவிரல் ரேகையோ அழகாக இருந்தது. வீடியோ இருந்ததால் மாற்றிக் கொடுத்தார்கள், பதினொரு நாள் கழித்து. அதற்குள் இரண்டு முகூர்த்தம் போய்விட்டது. தகராறு பெரிதானால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. விற்றவன் டெல்லியில் இருந்தாலும் நீ குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் சனிக்கிழமை ரிசப்ஷனுக்குச் சட்டம் கேமரா கொண்டுவந்து கொடுக்காது.

அந்தச் சனிக்கிழமைதான், தம்பி, நான் கேமராக் கடைக்காரரிடம் ஏழெட்டாயிரம் கூடக் கொடுப்பதற்குக் காரணம். இந்த ஊரில் படம் சம்பந்தப்பட்ட கடை என்றால் பழைய ஆட்கள் எம்.ஜி. ரோடு ஜி.கே. வேலைத்தான் முதலில் சொல்வார்கள். 1910லிருந்து இருக்கிறது, மூன்று தலைமுறை அங்கே போய்த் தலைசீவி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டது. அந்த அளவு பேர் இல்லாத, படியேறிப் போகவேண்டிய சின்னக் கேமராக் கடைகள் இன்னும் இருக்கின்றன. கேமராவும் லென்ஸும் தவிர வேறொன்றும் விற்காதவை. நான் பதினைந்து வருஷமாகப் போகும் கடையில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதைக் கேட்டாலே எந்த லென்ஸுக்கு எந்த வியாதி என்று தெரிந்துவிடும். ஒருமுறை வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு என் பாடி செத்துப்போனது. போன் செய்தேன். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தவர் திரும்ப ஏற்றி, தன் சொந்த பாடியைக் கையில் கொடுத்து, "திங்கக்கிழமை கொண்டாங்க" என்றார். ரசீதும் இல்லை, வாடகையும் இல்லை. அந்த ராத்திரிக்கு நான் எத்தனை ஏழாயிரம் கொடுத்திருக்கிறேன் என்று கணக்குப் பார்க்கவில்லை.

ஆனால் அவர்களையும் கும்பிட்டு உட்காராதே. கிட்டாக வந்த பெட்டியைப் பிரித்து, பாடியை ஒருவருக்கும் லென்ஸை வெள்ளை அட்டைப்பெட்டியில் இன்னொருவருக்கும் விற்கும் கடைகள் உண்டு. அந்த லென்ஸுக்கு வாரன்டி கார்டு யார் பெயரில் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். ஒன்றுக்கும் உதவாத யூவி ஃபில்டர், பை, துடைக்கும் துணி எல்லாம் ‘காம்போ’ என்று தலையில் கட்டுவார்கள். ‘வித்அவுட் பில்’ என்று உனக்கு எழுதிக் கொடுத்தவரும் கேமராக் கடைக்காரர்தானே? எந்தக் கடை எப்படி என்று தெரிய வேண்டுமானால் தொழில்காரர்களைவிட அமெச்சூர்களைக் கேள். நிருபதுங்கா சாலையில் ஸ்டேட் யூத் சென்டரில் கூடும் யூத் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி 1971லிருந்து இருக்கிறது. பறவை எடுக்கும் பேங்க் ஆபீசர், பூச்சி எடுக்கும் டாக்டர் என்று பலவகை ஆட்கள். தம் காசைப் போட்டு வாங்குகிறவர்கள், எந்தக் கடையிடமும் கமிஷன் இல்லாதவர்கள். இரவில் பிளாஷ் வைத்துக் காட்டுயிர்களைப் படமெடுத்தே உலகப்பேர் வாங்கிய டி.என்.ஏ. பெருமாள் இந்த ஊர்க்காரர். 2017ல் காலமானார். இறக்குமதி லைசென்ஸ் காலத்துக் கேமராப் பஞ்சத்திலேயே அவர் அதைச் செய்தார் என்பதை நீ புது மாடல் பற்றி என்னிடம் புலம்பும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அது கிடக்கட்டும். சில்லறைச் சாமான்களில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். லட்ச ரூபாய் பாடியைப் பத்து நாள் விசாரித்து வாங்கிவிட்டு, கார்டை எங்கோ பாதி விலைக்கு வாங்குவார்கள். மேலே 128 என்று அச்சடித்து உள்ளே அதில் கால்வாசி மட்டும் இருக்கும் கார்டுகள் உண்டு. இடம் தீர்ந்த பிறகும் எழுதுவதுபோலவே பாவனை செய்யும், வீட்டுக்கு வந்து பார்த்தால் தாலி கட்டிய படங்கள் இருக்காது. கார்டு வாங்கிய அன்றே அதை முழுக்க நிரப்பிச் சோதிக்கும் இலவச மென்பொருள் இருக்கிறது, நான் போட்டுத் தருகிறேன். வீடியோவுக்கு வி30, வி60 என்று போட்டிருக்கும் எண்ணைப் பார், அது நொடிக்கு எத்தனை எம்பி கட்டாயம் எழுதும் என்ற உறுதி. பேட்டரியும் அப்படித்தான், பாடி வாங்கும் கடையிலேயே அதே பில்லில் போடச் சொல். ஸ்டாண்டு, கேபிள், கிளாம்ப் இவற்றுக்கு மட்டும் தாராளமாக எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசு.

உன் பட்டியலில் இல்லாத நான்காவது விலை ஒன்றும் இருக்கிறது. எல்லோரும் மிரர்லெஸ் பக்கம் ஓடுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் பாதி விலைக்குக் கீழே வந்து கிடக்கின்றன. நிக்கான் டி750, 2014ல் வந்தது. இரண்டு கார்டு போடலாம். கல்யாணத்துக்கு அந்த இரண்டு கார்டுதான் முக்கியம். 2018ல் ஆர்ப்பாட்டமாக வந்த நிக்கான் இசட்6, கேனான் ஈஓஎஸ் ஆர் இரண்டிலும் ஒரே கார்டு இடம்தான் என்பதை விலை மலிவு என்று வாங்கிய பிறகு கவனித்தவர்களை எனக்குத் தெரியும். பழைய லென்ஸ் வாங்கினால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார். சிலந்தி வலைபோலத் தெரிந்தால் பூஞ்சை. சென்னை, மங்களூர் கடல்காற்றில் இருந்துவந்த லென்ஸில் அதிகம், நம்ம ஊர் மழையிலும் வரும்.

எப்போது வாங்குவது என்று நீ கேட்கவே இல்லை. தசரா ஆஃபர் வரட்டும் என்று காத்திருக்கப் போகிறாய் என நினைக்கிறேன். அது முடிந்ததும் சீசன் தொடங்கிவிடும், புதுக் கேமராவை நேரே முகூர்த்தத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாய். நான் எப்போதும் ஆடியில் வாங்குவேன். இங்கே கன்னடக்காரர்களுக்கும் ஆஷாடம், கல்யாணம் இல்லை. கடைக்காரருக்கும் வியாபாரம் மந்தம், பொறுமையாகப் பேசுவார். ஒரு மாசம் அல்சூர் ஏரிக்கரையில் கொக்கையும் நடைபோகிறவர்களையும் எடுத்துத் தேய்த்தால், கெட்டுப்போகிற குணமுள்ள கேமரா அதற்குள் தன் குணத்தைக் காட்டிவிடும். ஆவணிக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

ஆடி பிறக்க இன்னும் ஆறு நாள். சனிக்கிழமை காலை பத்தரைக்கு அல்சூர் பஸ் ஸ்டாண்டில் நில், நான் வழக்கமாகப் போகும் அந்த பெஞ்சுக் கடைக்கே போவோம், ஞாயிறு அது லீவு. 1,37,000 ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதே, அதைக் காட்டித்தான் பேரம் பேசவேண்டும். அந்த விலைக்கு வராவிட்டாலும் பக்கத்தில் வருவார். சொந்தக் கார்டு ஒன்று, பழைய தினத்தந்தி நாலு தாள், செலோடேப் எடுத்துவா. கடைச் சுவரில் ஒட்டி லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்துப் பார்ப்போம், நாலு மூலை எழுத்தும் ஒன்றுபோலத் தெரியவேண்டும். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் உள்ளே ஏதோ கண்ணாடி சாய்ந்திருக்கிறது, அடுத்த பெட்டியைத் திறக்கச் சொல்வோம். அவர் முகம் சுளிக்க மாட்டார், பழகிவிட்டது. அம்மாவையும் அழைத்துவா. பணம் கொடுப்பது அவர், பில் யார் பெயரில் என்பதை அவரே சொல்லட்டும்.

அன்புடன்,
அண்ணன்